பழசு உங்க சொத்து

காலால் மிதிக்க வேண்டிய கிளட்ச்சைக் கையால் அமுக்கிப் பார்ப்பதுதான் அங்கமுத்துவின் வழக்கம். இருக்கையில் ஏறி உட்கார மாட்டார். கதவோரம் முழங்காலிட்டு, உள்ளங்கையால் பெடலை அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். "காலுக்கு என்னா தெரியும் லா, கைக்குத்தான் தெரியும்" என்பார். பெம்பான் கடைத்தெருவில் இருக்கிறது அவருடைய பட்டறை. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் சுடுவார்களென்று ரப்பர் தோட்டத்து வண்டிகள் மாட்டித் திரிந்த இரும்புத் தகடுகளை, பயம் தணிந்து கழற்றியபோது வாங்கிக் கூரையாக்கிக்கொண்டார். மழை பிடித்தால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. கழற்றிய பழைய சாமானைக் கழுவாமல், அழுக்கும் பிசுக்குமாகப் பேப்பரில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார். "பழசு உங்க சொத்து. என்னா கெட்டுச்சுன்னு நீங்களே பாத்துக்குங்க." கழுவித் தாருங்கள் என்று கேட்டால் கோபம் வரும். அழுக்கு இருந்தால்தானே உண்மை தெரியும் என்பார். புதுசு போட்டதாக ஏமாற்றும் ஆள் என்று யாரும் தம்மைச் சொல்லிவிடக் கூடாது. அதில் அவ்வளவு கண்டிப்பு.

போன வாரம், நியாலாஸ் பக்கத்துத் தோட்டமொன்றின் புது ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கியர் விழவில்லை. கூட வந்த கிராணி, தோட்ட ஆபீஸ் குமாஸ்தா, நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, டிரைவர் முனுசாமியின் காதுபடவே சொன்னார்: "வண்டி தானா கெட்டிருந்தா சரி. இவன் கைவேலைன்னா சாவிய வாங்கிக்கிட்டு மறுபடி பால் வெட்ட வெட்டுக்காட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாரு தொரை."

முனுசாமி பாதி ஆயுசைப் பால்மரம் சீவியே கழித்த பிறகு கைக்கு வந்த சாவி அது. சாவி கிடந்த சட்டைப்பைக்கு மேல் கையை வைத்தபடியே நின்றார்.

அங்கமுத்து அமுக்கினார். பெடல் எதிர்ப்பே காட்டாமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "காத்து பூந்திருக்கு" என்று வண்டிக்கடியில் நுழைந்தார். முனுசாமி மேலே மிதிக்க, இவர் கீழே திருகைத் திறந்து மூட, எண்ணெயோடு குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. பெடல் நிமிர்ந்தது. கிராணி எழுந்து வேட்டியை உதறுவதற்குள் மறுபடி படுத்துவிட்டது. திரும்பவும் காற்றெடுத்தார், திரும்பவும் படுத்தது. அங்கமுத்துவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னிக்கு நீயா நானான்னு பாத்துருவோம்" என்று ஜீப்போடு மல்லுக்கு நின்று, கிளட்ச் சிலிண்டரையே கழற்றிப் பிரித்தார். உள்ளே இருந்த ரப்பர், ஊறப்போட்ட உளுந்து மாதிரி உப்பியிருந்தது.

பிசுக்கை விரலில் தேய்த்து மோந்தார். நல்லெண்ணெய்.

முனுசாமி பக்கத்தில் வந்து குந்தினார். "ஆயுத பூசைக்கு ஊத்துனேண்ணே. பழைய வண்டிக்கு வருஷா வருஷம் போடுவேன், ஒண்ணும் ஆனதில்ல" என்றார், கிராணிக்குக் கேட்காத குரலில்.

பழைய வண்டியில் கிளட்ச்சை இழுத்தது இரும்புக் கம்பி. நல்லெண்ணெய் விட்டால் அது சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். புதுசில் எண்ணெயே கம்பியின் வேலையைச் செய்கிறது. அதற்கென்று உள்ள எண்ணெயைத் தவிர வேறெது பட்டாலும் ரப்பருக்கு ஆகாது. வண்டியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்த கையோடு, கிளட்ச் எண்ணெய் டப்பாவில் எண்ணெய் குறைந்திருக்கக் கண்டு மனுஷன் பாசமாக ஊற்றியிருக்கிறார். திட்டத்தான் வாயெடுத்தார் அங்கமுத்து. முனுசாமியின் கை இன்னும் சட்டைப்பை மேலேயே இருந்தது.

"கிராணிக்குக் கோப்பி வாங்கிக் குடு லா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பாச்சாங்கில் கடை கடையாக ஏறி இறங்கி, மேல் சிலிண்டருக்கும் கீழ் சிலிண்டருக்கும் ரப்பர் வாங்கி வந்தார். குழாய் முழுவதையும் ஸ்பிரிட் விட்டு அலசினார். சரியான எண்ணெய் ஊற்றி மறுபடி காற்றெடுத்தார். மண்டியிட்டு, கண்ணை மூடி, உள்ளங்கையால் அமுக்கினார். பெடல் கையை எதிர்த்துத் தள்ளியது. முனுசாமி ஏறி முடுக்க, கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"என்னாய்யா கோளாறு?" என்றார் கிராணி.

"ரப்பர் போச்சுங்கய்யா."

"பழசக் குடு. தொரை பாக்கணும்."

வண்டிக்குள்ளிருந்த முனுசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

அங்கமுத்து உப்பிய ரப்பரை எடுத்தார். மண்ணெண்ணெய் டின்னில் முக்கி, பிரஷ்ஷால் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி முக்கி, மறுபடி தேய்த்தார். இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டு, பேப்பரில் சுற்றிக் கிராணியின் கையில் கொடுத்தார்.