பிடிச்சிட்டாங்கள்

பக்கத்து வீட்டுச் சிவகௌரியின் மகன் கீர்த்தனன் மணிக்குத் தொண்ணூற்றைந்து மைல் வேகத்தில் எறிகிற பந்தை, மனோர் பார்க் வீட்டுப் பின்வளவில் வெறுங்கையால் பிடித்தவள் நான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. எறிந்தது ரெனிஸ் பந்து.

வளர்ந்ததும் பேஸ்போல் விளையாட அமெரிக்கக் கல்லூரி ஒன்று இடம் கொடுத்தது. அவனுடைய வேலை விசித்திரமானது. முதலில் எறிபவன் களைத்தால்தான் இவனைக் கூப்பிடுவார்கள். அதுவரை மைதானத்து ஓரத்தில், கம்பிவலைக்குப் பின்னால், சுவரில் தொங்கும் ரெலிபோனைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பல நாள் அது அடிக்காது.

"டொக்டரிட்டைக் காலமை எட்டு மணிக்குப் போன் அடிச்சுப்போட்டு லைனிலை காவல் இருக்கிற மாதிரி" என்றேன்.

"அங்கை பாட்டாவது போடுவாங்கள் அன்ரி."

போன யூலையில் ஒரு பின்னேரம். கறிவேப்பிலை கேட்டு நான் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தேன். சிவகௌரியின் போன் அடித்தது. நல்ல செய்தியை அம்மாவுக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டுமென்று அவன் நினைத்திருக்கிறான்.

"அம்மா, என்னைப் பிடிச்சிட்டாங்கள்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். வன்னியில் சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று ஆள் பிடித்த காலத்தில், அவளுடைய அண்ணனைக் கொண்டுபோனதை அயலவர் ஓடிவந்து சொன்னதும் இதே சொல்லில்தான். அண்ணன் திரும்பவில்லை.

போன் மறுபடி அடித்தது. அவள் தொடவில்லை. அங்கே விடுமுறை, கூட்டாளிகள் எல்லாரும் ஊருக்குப் போய்விட, வெறும் விடுதியில் அவன் ஒருவன்தான் இருந்தானாம். சொல்ல வேறு ஆளில்லை.

நாலாம் தரம் நான் எடுத்தேன்.

"எடேய், ஆர் பிடிச்சது? அமெரிக்க ஆமியே?"

"ஐயோ இல்லை அன்ரி. ஒரு கிளப். சம்பளத்துக்கு விளையாட. கிளப்புகள் ஆள் பொறுக்கேக்கை பதினேழாவது சுற்றிலை என்ரை பேரைச் சொன்னவங்கள்."

"அதுக்கு எடுத்திட்டாங்கள் எண்டெல்லோ சொல்ல வேணும்."

விளக்கிச் சொல்லி, போனை அவள் காதில் வைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"எப்ப விடுவாங்கள்?"

"விட்டிடுவாங்களோ எண்டுதான் பயம் அம்மா."

"சாப்பிட்டியே?"

"ம்."

இப்போது வேறொரு ஊரில், வேறொரு வலைக்குப் பின்னால், வேறொரு ரெலிபோனைப் பார்த்தபடி இருக்கிறான். இங்கே சிவகௌரி குளிக்கப் போனாலும் போனோடுதான் போகிறாள்.

இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எல்லாம் சரி அன்ரி. முதல் வரிதான் பிழை."

"ரெனிஸ் பந்தெண்டு எழுதியிருக்கிறனே."

"பந்து சரி. நான் ஷிப்ட் முடிஞ்சு வருமட்டும் அவன் பின்சுவருக்குத்தான் எறிஞ்சவன். ஒருத்தரும் பிடிக்கேல்லை."