பெத்தையாபுரத்துக்குப் போன முதல் சனிக்கிழமை

செல்வி, ஜெபராஜ், சனிக்கிழமையானால் உங்கள் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறார் என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் கேட்பதாகச் சொன்னீர்கள். பெத்தையாபுரத்துக்குப் போகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் போகிறேன் என்பது தெரியாது. முதல் தடவை போனபோது உங்களுக்கு ஏழு வயதும் நாலு வயதும். அந்தப் பயணத்தை எழுதி வைக்கிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அது 1999, ஐப்பசி மாதம். எங்கள் சபைப் போதகர் என்னைக் கூப்பிட்டு, பெத்தையாபுரத்தில் ஒன்பது குடும்பம் இருக்கிறது, எட்டு மாதமாக ஞாயிறு ஆராதனை நடத்த ஆள் இல்லை, நீ போ என்றார். இரண்டு தடவை மறுத்துவிட்டேன். காரணம் உங்கள் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஜெபம் பண்ண எழுந்து நின்றவன், வார்த்தை வராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அன்றைக்கு மனதில் விழுந்தது, ‘நீ தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டத்தான் லாயக்கு’ என்று. அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் அந்த நினைப்புதான் முன்னால் வந்து நிற்கும்.

மூன்றாம் தடவை போதகர் சொன்னார்: “கூப்பிடுதது நான்னா மாட்டேன்னு சொல்லு. ஆண்டவர் கூப்பிட்டா என்ன சொல்லுவே?”

“அவரு ஆள் மாத்திக் கூப்பிட்டுட்டாரு ஐயா.”

“சரிப்பா. அதையும் ஒரு தடவை போயிட்டு வந்து சொல்லு.”

சனிக்கிழமை மதியம் 1.20க்குக் கோவில்பட்டியில் விளாத்திகுளம் பஸ் ஏறினேன். டிக்கெட் ஆறு ரூபாய். வெள்ளிக்கிழமை நல்ல மழை. எட்டயபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் நிலம் நனைந்து, அடுப்புக்கரி போலக் கறுத்துக் கிடந்தது. விளாத்திகுளத்தில் இறங்கும்போது மணி 2.45. ஒரு டீ குடித்துவிட்டு, மினி பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். அதில் டிக்கெட் இரண்டு ரூபாய்.

“பெத்தையாபுரம் விலக்கா? அங்க எறங்க ஆளே கிடையாதே” என்று டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “பொண்ணு பாக்கப் போறீகளா?”

“ரெண்டு பிள்ளைக இருக்கு அண்ணாச்சி. ஆராதனை நடத்தப் போறேன்.”

“அப்ப செருப்பைக் கையில எடுத்துக்கோங்க. கால்ல போட்டு நடந்தா, ஊரு போய்ச் சேருததுக்குள்ள ஒரு முழம் வளந்துருவீக.”

பஸ்ஸே சிரித்தது. அவர் சொன்னது நிஜம். பாதை பிரிகிற அந்த விலக்கிலிருந்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர் வண்டிப்பாதை. மழை குடித்த கரிசல் காலை விடாது. செருப்பைப் பையில் போட்டுவிட்டு நடந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

5.30க்கு ஊர். சபைக் கோயில் சாவியை வைத்திருந்தவர் தங்கம் என்ற அம்மாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். “மழைய முன்னால அனுப்பிட்டு வந்திருக்கீக அண்ணாச்சி. காலைல எட்டு மணிக்கு வச்சுக்கிடுவோம். சாப்பிட்டுட்டுப் படுங்க” என்றார். கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். சாப்பிடும்போது என்ன வேலை என்று கேட்டார், தீப்பெட்டி ஆபீஸ் என்றேன். கோயில் என்பது ஓடு போட்ட ஒரே அறை. அதிலேயே பாய் விரித்துப் படுத்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோயிலைப் பூட்டிக்கொண்டு ஊருணிக்குக் குளிக்கப் போனேன். துவைத்துக் குளித்துத் திரும்பும்போது ஏழே கால். வாசலில் ஒரு தூக்குவாளியில் பழைய சோற்றின் நீச்சத்தண்ணீரும் வெங்காயமும் இருந்தன. தெருவில் ஆள் இல்லை. கோயிலைக் கூட்டினேன், பாய்களை வரிசையாக விரித்தேன். எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. வாசலில் ஒரு கோழி மட்டும் நின்று என்னைப் பார்த்தது.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வந்திருப்பவன் யார், என்ன படிப்பு என்பது இவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று தங்கம் மரியாதைக்குச் சோறு போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஒன்பது மணிக்குப் பாய்களைச் சுருட்டி வைத்தேன். கதவைப் பூட்டி, சாவியைக் காலித் தூக்குவாளிக்குள் போட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விலக்கைப் பார்த்து நடந்தேன். நடக்கும்போது, பிள்ளைகளே, ஒரு பக்கம் அழுகை. இன்னொரு பக்கம், ‘நான் சொன்னேன் அல்லவா, ஆள் மாறிப்போயிற்று’ என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் நீங்கள் வாழ்க்கையில் நம்பக்கூடாது.

அரைக் கிலோமீட்டர் போயிருப்பேன். பாதை ஓரத்துப் புன்செய்க் காட்டில் மூன்று ஜோடி மாடு ஏரில் பூட்டி நின்றது. வரப்பில் ஆணும் பெண்ணுமாக முப்பது பேர். விதைச் சோளம் ஓலைப்பெட்டிகளில் இருந்தது. ஒருவரும் வேலை செய்யவில்லை.

“இந்தா வாராருல்லா!” என்று தங்கத்தின் குரல் கேட்டது. “அண்ணாச்சி, எட்டு மணின்னு சொன்னேம்லா? வெயிலு ஏறுது, ஈரம் காயுது!”

“கோயில்லதான...” என்றேன்.

“ஈரம் இருக்கையில கோயிலுக்குள்ள எவன் உக்காருவான்? வெதப்பு அன்னைக்கு ஆராதனை காட்டுலதான். இது தெரியாதா ஒங்களுக்கு?” என்றார் அவர் கணவர் ஏசுவடியான். “ஏழு மணிக்குத் தூக்குவாளியோட வந்து பாத்தேன், கோயிலு பூட்டிக் கெடந்துச்சு. ஊரு பிடிக்காம போயிட்டீகன்னு நெனச்சேன்.”

நான் ஊருணியில் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

“நீங்களே ஜெபம் பண்ணி ஆரம்பிச்சிருக்கலாமே?” என்றேன்.

“ஆண்டவரு ஒரு ஆளை அனுப்பியிருக்கையில நாங்க முந்துனா நல்லாருக்குமா? வந்தவரு சொல்லாம போகமாட்டாருன்னு இவதான் ஒத்தக்கால்ல நின்னா” என்றார் ஏசுவடியான், தங்கத்தைக் காட்டி.

என் தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது. தங்கம் அதைப் பார்த்தார். கையை நீட்டி வாங்கி, உடைமரக் கிளையில் மாட்டினார்.

நெற்றி நிறையத் திருநீறு பூசிய பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பிலிருந்து குரல் கொடுத்தார்: “எங்க சாமிகிட்ட நான் சொல்லிட்டேன். ஒங்க சாமிகிட்டயும் என் காட்டுக்கு ஒரு வார்த்தை போட்டு வையும்வே!”

எழுதிக் கொண்டுவந்த மூன்று பக்கமும் பைக்குள் இருந்தது. எல்லோரும் தலை குனிந்துவிட்டார்கள். வார்த்தை வரவில்லை, அதே பழைய இருட்டு. ஒரு மாடு காலை உதைத்தது. ஈரம் காய்கிறது, இவர்கள் எனக்காக நிற்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. சொன்னேன்: “ஆண்டவரே, ஈரம் தந்தீர். விதை இருக்கு. ஆள் இருக்கு. பக்கத்துக் காட்டையும் பாத்துக்கிடும். ஆமென்.”

“ஆமென்” என்றார்கள் முப்பது பேரும்.

“இப்படிச் சுருக்கா ஜெபம் பண்ணுத ஆளத்தான் எட்டு மாசமா தேடுனோம்” என்றார் ஏசுவடியான், ஏரைப் பிடித்துக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். பின் வரிசைச் சிரிப்பு போல அது இல்லை. நானும் சிரித்தேன்.

ஒரு பெட்டியை என் கையில் கொடுத்தார்கள். ஏர்ச்சாலுக்குப் பின்னால் நடந்து மதியம் வரை விதை போட்டேன். “நெருக்கமா போடாதீக அண்ணாச்சி, இது தீக்குச்சி அடைக்கிற பெட்டியா?” என்று தங்கம் இரண்டு தடவை திட்டினார். பாட்டும் அங்கேயேதான் பாடினோம்.

மதியம் 2.30க்குக் கிளம்பினேன். மினி பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். வெறும் கோயிலைப் பார்த்து, என்னைத் தள்ளிவிட்டார்கள் என்று நான் முடிவு கட்டினேன். பூட்டிய கதவைப் பார்த்து அவர்களும் அதையே நினைத்தார்கள். ஆனாலும் மாட்டை அவிழ்க்காமல் நின்றார்கள். நான்தான் நடையைக் கட்டினேன். கூப்பிட்டவர் ஆளை மாற்றவில்லை. எனக்குத்தான் காத்திருக்கத் தெரியவில்லை. பயம் அன்றோடு போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் வருகிறது. நான் ஜெபத்தை முடிக்கும் வரை அது ஓரமாக நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

கோவில்பட்டி வந்து சேரும்போது மணி ஆறு. நீங்கள் அம்மாவோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தீர்கள். வீட்டில் யாரும் இல்லை. சுவரில் இருந்த தினசரிக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமைத் தாளைத் தேடி எடுத்து, செல்வியின் பென்சிலால் ‘பெத்தையாபுரம்’ என்று எழுதினேன். அதற்கடுத்த சனிக்கிழமையிலும் எழுதினேன். அதற்கடுத்ததிலும். டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை வரை எழுதிவிட்டு, காலண்டரைத் திரும்ப மாட்டினேன்.