தம்பியின் இதயத்துக்காகக் கேட்டேன்

மாதாவின் பிள்ளைகளே, மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கிறது என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. நான் இரைப்பதைக் கேட்கவும் வீட்டில் நான் ஒருவன்தான்.

எக்கோ எடுத்தார்கள். இதயத்துச் சதை தடித்திருக்கிறது, பரம்பரையாக வருவது என்றார் டாக்டரம்மா. "உங்க வீட்ல யாராவது திடீர்னு இறந்தாங்களா, ஐயா?"

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கோதுமைக் கப்பல் வந்தால் ராயபுரமே தும்மும். அப்பா முண்டாசை உதற, விழுகிற மணியை அம்மா கோழிக்குப் போடுவாள். நல்ல கோழி அது. எதையோ சொல்ல வந்தேன். ஒருநாள் மூட்டையோடு போனவர் அப்படியே சாய்ந்தார், எழவேயில்லை. காத்து கருப்பு அடித்தது என்றார்கள். இத்தனை வருஷமும் அதையே நம்பியிருந்தேன்.

"கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாம். கூட்டிட்டு வாங்க" என்றார்.

இருப்பது ஒரே தம்பி, எண்ணூரில். அம்மாவை அடக்கம் செய்த அன்று வாய்ச்சண்டை. அதோடு பேச்சில்லை. கல்லறைத் திருநாளில் அவன் காலையில் வந்து போவான், நான் சாயங்காலம் போவேன். அவன் ஏற்றிய மெழுகு உருகிக் கிடக்கும். அதன் பக்கத்தில் என்னுடையதை வைப்பேன். எங்கள் உறவு அவ்வளவுதான்.

என் நோய்க்காக ஜெபிக்கவில்லை. "தாயே, அவனும் அப்பா மாதிரி சாயக் கூடாது. நான் சொன்னால் அவன் கேட்கணும்." இதையே சனிக்கிழமைதோறும் முழங்காலில் நின்று கேட்டேன்.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். தம்பி பூவோடு வந்தான்.

"இன்னா அண்ணாத்தே, ஒனக்கு சாயங்கால ஷிப்ட்டாச்சே?"

"அப்பாவுக்கு காத்து கருப்பு இல்லடா. நெஞ்சு சதை தடிச்சிருந்துகீது. எனக்கும் கீது. நீயும் ஒரு தபா எக்கோ எடு."

"அப்பா சொத்துல இதான் மிச்சமா? பங்கு பிரிக்க வந்தியா?"

பூவை வைத்துவிட்டு நடந்தான். நான் மாதாவைக் கூப்பிட்டேன். நாலு கல்லறை தாண்டியவன் சுவரைப் பிடித்து நின்றுவிட்டான். அவனுக்கும் இரைத்தது. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எந்த ஆஸ்பத்திரி?"

அவனுக்கு என்னைவிட மோசம். துடிப்பு தப்பினால் உதைத்து எழுப்புகிற மிஷினை நெஞ்சில் வைத்தார்கள். பிறகு ஒருநாள் மீன் மார்க்கெட்டில் விழுந்தான். மிஷின் உதைத்தது. எழுந்து பேரத்தை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

என் சதை கரையவில்லை. வீட்டில் இன்னும் தனிதான். உங்கள் வீட்டிலும் யாராவது திடீரென்று சாய்ந்திருந்தால், கூடப் பிறந்தவர்களைத் தேடிப் போங்கள். போகக் கூச்சமாக இருந்தால் தாயிடம் கேளுங்கள், கூடவே வருவாள்.

நான் இருக்கிறேனா என்று கேட்கத் தம்பி தினமும் போன் செய்கிறான்.

"கீறியா?"

"கீறேன்."

வைத்துவிடுவான். அந்த ஒரு வார்த்தைக்கு, தாயே, உனக்கு நன்றி.