அத்தானின் கால்கள்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் காலை மைத்துனன் கழுவிவிட்டு மோதிரம் வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். அக்காவின் திருமணத்தன்று துபாயில் ஹால் வாசலில் செம்புத் தண்ணீரோடு குனிந்தேன். அத்தானின் கால் நகங்கள் கறுத்திருந்தன. ஒரு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நேரே அம்மாவிடம் ஓடினேன்.

"மாப்பிள்ளைக்குக் கால்ல ஏதோ சீக்கும்மா. கல்யாணத்த நிறுத்து."

மேளம் நின்றது. மணக்கோலத்தில் அக்காவே எழுந்து வந்தாள்.

"கூறுகெட்டவனே, அது பந்தாடுற பூட்ஸுக்குள்ளயே கிடந்த காலு. தண்ணிய ஊத்து."

அத்தான் சிரித்தபடி என் விரலில் மோதிரத்தைப் போட்டார். அவருக்கு அப்போது தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

அந்தக் கால்கள் ஓடத் தொடங்கியது டென்மார்க்கின் மேற்குக் கரையில், ஒரு மீன்பிடித் துறைமுக ஊரில். கடலுக்குப் போன தந்தை ஒரு குளிர்காலத்தில் திரும்பவில்லை. தாயார் மீன் ஆலையில் நின்றே வேலை செய்து அத்தானை வளர்த்தார். யாரோ போட்டுக் கழித்த, அளவு சிறிய பூட்ஸில் கால்பந்து ஆடித்தான் அந்த விரல் வளைந்தது.

அத்தான் நடுக்கள ஆட்டக்காரர். எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, கோல் போடுபவரிடம் சேர்ப்பது அவர் வேலை. பத்திரிகையில் படம் வந்தாலும், கோல் போட்டவரைக் கட்டிப்பிடித்திருக்கும் முதுகாகத்தான் வருவார். அதில் அவருக்கு வருத்தமே இருந்ததில்லை.

ஆட்ட வாழ்வின் கடைசியில் ஒப்பந்தத்தில் வளைகுடாவுக்கு வந்தார். இங்கே முழங்கால் போனது. அதற்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட்தான் அக்கா. இனி ஆட முடியாது என்று மழுப்பாமல் சொன்ன ஒரே ஆள் அவள்தான் என்பார்.

பக்கத்து எமிரேட்டான புஜைராவில் இளைஞர் அணி ஒன்றுக்குப் பயிற்சியாளரானார். வெள்ளிக்கிழமைகளில் துபாய் கராமாவில் ஒரே ரூமில் பலராகத் தங்கியிருந்த எங்கள் அணிக்கும் வருவார். முதல் வருடம் கோட்டுக்கு வெளியே நிற்க அவரால் முடியவில்லை. உள்ளே பந்து போனால் வெளியே வலக்கால் தானாக உதைக்கும். மாற்று ஆட்டக்காரனாக எப்போதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வாங்கிய உதைகள் கொஞ்சமல்ல. தமிழை அக்காவிடம் கற்றதால் அவருக்குத் திட்டுத்தான் சரளமாக வரும். "ஏல, பந்தப் பாக்காத, ஆளப் பாருல!" என்று அந்த வெள்ளைக்காரர் கத்துவதைக் கேட்கவே பக்கத்து மைதானத்தார் கூடிவிடுவார்கள்.

பிறகு இதயம் பலவீனமாகிக் கால்கள் வீங்கின. ஒரேயொரு முறை எங்கள் மைதானத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் அத்தான் கடைசியாகக் கேட்டது. மருத்துவர் தயங்கித் தயங்கி அனுமதித்தார். பூட்ஸ் நுழையவில்லை. வெறுங்காலோடு, இருவர் தோளில் கை போட்டு, பாதி ஆட்டம்வரை நின்றார். வலக்கால் உதைக்கவில்லை. இனி அதிக நாள் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டூட்டியை மாற்றிக்கொண்டு வந்து அன்று அவரைத் தாங்கி நின்ற தோழர்களுக்கும், மருத்துவமனைச் செவிலியருக்கும், அத்தான் போன இந்த ஓராண்டாக அக்காவைத் தனியே சாப்பிட விடாத குடும்பங்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அத்தானுக்கு நன்றி சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தை மட்டும் நான் கெடுத்துக்கொண்டேன். மைதானத்திலிருந்து திரும்பியதும், கட்டிலில் படுத்திருந்தவரின் காலில் ஒட்டியிருந்த மணலை வெந்நீரில் கழுவிவிட்டேன். அதே வளைந்த விரல். என் முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்தபடியே கேட்டேன்:

"இந்தத் தடவையும் மோதிரம் உண்டா, அத்தான்?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"முதல்ல ஒழுங்காக் கழுவுல."