மாப்பிள்ளைக் காரும் நாகவல்லியும்

எங்கள் செக்காலைப் பகுதியில் ரவிக்கை தைக்கும் நாகவல்லிக்கு வாயும் கையும் ஒரே வேகம். அவள் கணவர் வயிரவன் நேர்மாறு. நாலு கேள்விக்கு ஒரு பதில். அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் உண்டு. எங்கள் பக்கத்துத் தெருக்களில் மாப்பிள்ளை அழைப்பென்றால் அந்தக் கார்தான். பூ அலங்காரத்தோடு, நாதஸ்வரத்துக்குப் பின்னால், பிள்ளையார் கோயிலிலிருந்து கல்யாண வீடு வரை ஊர்ந்து போகும். மற்ற நாளெல்லாம் ஷெட்டில் நிற்கும். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன்பே அணைத்துவிடுவார். கேட்டால், "பாவம், அலுத்துப்போகும்" என்பார். பெண்டாட்டியிடம் அந்த மனிதர் இத்தனை பரிவு காட்டி நான் பார்த்ததில்லை. அடுத்த வீட்டுக்காரியான எனக்கே எரிச்சலாக வரும்.

நாகவல்லி முறையாகப் படித்து லைசென்ஸ் வாங்கியவள். ஆனால் அந்த ஸ்டியரிங்கைத் தொட அவர் விட்டதே இல்லை. "மாப்பிள்ளை ஏறுற வண்டி" என்று ஒரே பதிலில் முடித்துவிடுவார்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், ஆயில் ஊற்றப் போனவர் மூடியைத் திறந்ததும் அலறினார். மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி வெள்ளை நுரை அப்பியிருந்தது. எட்டிப் பார்த்த யாரோ ஒருவர், "ஹெட் கேஸ்கட் போச்சு. தண்ணி ஆயில்ல இறங்கிருச்சு. இன்ஜினையே பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் காலத்தில் அந்த வண்டிக்கு உதிரிபாகத்துக்கு எங்கே போவது? வயிரவன் இடிந்துபோய், பழைய இரும்புக் கடைக்காரருக்கே போன் போட்டுவிட்டார்.

நாகவல்லி கத்திரியை வைத்துவிட்டு எழுந்தாள். "போறவுக வாரவுக சொன்னா ஆச்சா? சேதுபதிகிட்ட காட்டாம வித்துருவீகளா?"

மெக்கானிக் சேதுபதி வந்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் தெளிவாக இருந்தது. ரேடியேட்டரிலும் தண்ணீர் குறையவில்லை. "கேஸ்கட் போயிருந்தா தண்ணி குறைஞ்சிருக்கும், உள்ள ஆயிலும் பாலாத் திரிஞ்சிருக்கும். ரெண்டும் இல்ல" என்றார். இன்ஜினிலிருந்து ஆவி வெளியேறும் குழாயைக் கழற்றினார். அதில் அதே வெள்ளைப் பசை அடைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, கடைசியா இந்த வண்டிய ஒரே மூச்சுல எம்புட்டுத் தூரம் ஓட்டுனீக?"

"எங்க கல்யாணத்துக்கே நாலு தெருதான்" என்றாள் நாகவல்லி.

"அதான் சங்கதி. இன்ஜின் நல்லாச் சூடானாத்தான் உள்ள சேர்ற ஈரம் ஆவியாப் போகும். நீங்க சூடேற விடாம அணைச்சு அணைச்சு ஈரத்தைச் சேர்த்துட்டீக. குழாயையும் மூடியையும் சுத்தம் பண்ணி, ஆயில மாத்தித் தாரேன். நாளைக்குத் தொண்டி வரைக்கும் விரட்டிப் பாருங்க. மூடியில நுரை இல்லைன்னா வண்டி பிழைச்சுச்சு. திரும்ப நுரை வந்தா வித்துருங்க."

மறுநாள் காலை அவர்களோடு நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். தேவகோட்டை ரோட்டுக்கு வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. நடை வேகத்திலேயே காலம் தள்ளிய மனிதருக்கு மூன்றாவது கியர் போடவே வரவில்லை. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே எங்களைத் திட்டினார்கள்.

"நிறுத்துங்க. இங்குட்டு வாங்க" என்றாள் நாகவல்லி.

அவர் இறங்கி இடம் மாறினார். வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது. மறுபடி கிளப்பினாள். அடுத்து டாப் கியர்! காற்று முகத்தில் அறைய, அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். பயத்தில் கண்ணை மூடியிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

தொண்டிக் கடற்கரையில் நிறுத்தினோம். இன்ஜின் சற்று ஆறியதும் வயிரவன் மூடியைத் திருகினார். அடியில் வெறும் ஆயில் பளபளத்தது. விரலால் தடவிப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் தடவினார்.

"சொட்டு நுரை இல்ல நாகு!" என்று அவர் போட்ட கூச்சலில், மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் அழுதேவிட்டார். அங்கிருந்தபடியே இரும்புக் கடைக்காரருக்குப் போன் செய்து, "வண்டி தரலப்பா, வராத" என்றார்.

பிறகு மூடியை மாட்டிவிட்டு, நாகவல்லியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இந்த மாதிரி அடிக்கடி விரட்டணும்ல?"

"ஆமா. விரட்டலைன்னா திரும்ப ஈரம் சேரும்."

"அப்ப அடுத்த வாரம் என்னைய எங்குட்டுக் கூட்டிட்டுப் போற?" என்று கேட்டுக்கொண்டே, இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.