ஆத்தாளுக்கு ஒரு பிக்கப்

எனக்கு வாய் முந்தும், யோசனை பிந்தும். அந்த வருஷம் திருவிழா ஏற்பாட்டுக்குக் கூடிய கூட்டத்திலும் அதுதான் நடந்தது.

நாங்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டம் கைமாறியிருந்தது. மாரியம்மன் ஊர்வலத்துக்கு டிராக்டர் தந்துவந்த பழைய நிர்வாகம் போய், புதிதாக வந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே லுக்குட் பக்கம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோயாகிவிட்டது. அதனால் இந்த வருஷம் சாமியைக் கோயிலுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடலாம் என்றார் கோயில் தலைவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து நின்றேன்.

"அப்போ எங்கம்மா எப்படிண்ணே சாமி பாப்பாங்க?"

கேட்டதில் தப்பில்லை. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அம்மாவுக்கு நடை போய்விட்டது. கோயில் மேட்டில் இருக்கிறது. அந்தப் படிகளில் சக்கர நாற்காலி ஏறாது. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றால், "என்னை அரிசி மூட்டை மாதிரி சாமி முன்னாடி எறக்கப் போறீங்களா?" என்று சண்டைக்கு வருவார். ஊர்வலம் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே அர்ச்சனைத் தட்டை நீட்டுவார். அம்மாவுக்குத் திருவிழா என்றால் அந்தக் கொஞ்ச நேரம்தான்.

"வண்டி இல்லையே லா, என்னம்மா செய்யிறது?" என்றார் தலைவர்.

"எங்க பிக்கப்புல வருவா ஆத்தா."

கூட்டம் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? அது அப்பா சந்தைக்குக் காய்கறி ஏற்றிய வண்டி. அவர் போன பிறகு கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் விட்டது விட்டபடி கிடந்தது. சரக்கு ஏற்றும் பின்தட்டின் அடி துருப்பிடித்து ஓட்டையாகி, அதன் வழியே லாலாங் புல் இடுப்பு உயரத்துக்கு எழுந்து நின்றது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பழைய இரும்பு வாங்க வருகிறவர்கூட அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று நழுவியவர்தான்.

வண்டி ஓடினால் ஊர்வலம் உண்டு என்றார் தலைவர். சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

என் தம்பி லுக்குட்டில் டயர் கடையில் வேலை செய்கிறான். விஷயத்தைச் சொன்னதும், "அக்கா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று போனிலேயே கத்தினான். ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் மெஷினோடு வந்து இறங்கினான். எஞ்சின் அவன் பொறுப்பு, பாடி என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். கோழியை முட்டைகளோடு கூடைக்கு மாற்றினேன். அது என்னைக் கொத்தியது. அதற்கும் வீடு போகிறதே, கோபம் இருக்கத்தானே செய்யும்.

சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் கிரைண்டரைக் கையில் எடுப்பேன். கம்பி பிரஷ் சுழலச் சுழலத் துருத்தூள் பறந்து தலைமுடியெல்லாம் செம்பட்டையாகிவிடும். சுத்தியலால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று பேசும், செத்தது பொத்தென்று விழும். செத்ததையெல்லாம் வெட்டி எறிந்தோம். பின்தட்டின் அடிக்குத் தம்பி புதுத் தகடு வைத்து வெல்டிங் பிடித்தான். நான் பள்ளங்களை நிரப்பப் புட்டிப் பசை பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் மேடு பள்ளம் தெரியக்கூடாது, அதுதான் கணக்கு. அம்மா ஜன்னலுக்குள்ளிருந்து தோட்டத்து மண்டோர் மாதிரி மேற்பார்வை பார்த்தார். "அந்தக் கதவுக்கு அடியில இன்னும் துரு இருக்குடி! வேலை செய்யிறியா, வெளையாடுறியா?"

நிறத்தில் மட்டும் எனக்கும் தம்பிக்கும் சண்டை. அவனுக்குப் பளபளவென்று கறுப்பு வேண்டுமாம். சாமி போகிற வண்டிக்குக் கறுப்பாடா என்று ஒரு போடு போட்டேன். மஞ்சள் என்று முடிவானது. கல்யாணத்துக்குப் போடுகிற கூடாரத் துணியை வாசலில் கட்டி, இரவல் கம்பிரசரை வைத்து நானே ஸ்பிரே அடித்தேன். ஓரிடத்தில்கூட வழியவில்லை. முகம் பார்க்கலாம் போலிருந்தது. கை கழுவ உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் பானெட்டில் மூன்று பெரிய குங்குமப் பொட்டு.

பக்கத்து வீட்டு அத்தை கையில் தட்டோடு, கண்ணில் நீரோடு நின்றார். "ஆத்தா ஏறப்போற வண்டி, வெறும் நெத்தியா நிக்கலாமா?" காயாத பெயிண்டில் அவருடைய விரல் ரேகைவரை பதிந்திருந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஆனால் அம்மனுக்குப் பொட்டு வைத்தவரை எந்த வாயால் திட்டுவது? நல்லா இருக்கு அத்தை என்றேன். அதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் பெயிண்ட் இறுகியதும் அந்த இடத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். தம்பி உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டான். "குங்குமத்த நான் அழிக்க மாட்டேன்க்கா. எனக்குப் பிள்ளைக்குட்டி இருக்கு." வாட்ஸாப்பில் யாரையோ கேட்டு, அபசகுனம் என்று பதிலும் வாங்கி வைத்திருந்தான். நான் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டேன். ஆத்தா, உன் பொட்டை அழிக்கவில்லை, என் பெயிண்ட்டைத்தான் தேய்க்கிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். வழிந்த சிவப்புத் தண்ணீர் மண்ணில் மிதிபடாமல் பேசினில் பிடித்து வேப்பமரத்தடியில் ஊற்றினேன். அதற்குமேல் ஆத்தாளுக்கும் எனக்கும் வழக்கு இல்லை. மறுபடி அடித்து முடித்ததும் வாசலில் கயிறு கட்டி ஓர் அட்டையைத் தொங்கவிட்டேன்: பெயிண்ட் காயவில்லை, பொட்டு வைப்பவர்கள் நாளைக்கு வரவும்.

தம்பிதான் ஓட்டுவதாக இருந்தது. ஆனால் ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது அவன் காலுக்கு அந்தக் கிளட்ச் மசியவில்லை. வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. நான் உட்கார்ந்ததும் பூனை மாதிரி நகர்ந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், சாமி வண்டியைப் பொம்பளை ஓட்டுவதா என்று முனகினார்.

"பின்னாடி உக்காரப்போறதும் பொம்பளைதான்," என்றேன். அவர் பந்தல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

திருவிழா அன்று காலையிலேயே வண்டியைக் கோயில் படிகளுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். சாயங்காலம் உறுமி மேளம் முன்னால் போக, செம்பனை மரங்களுக்கு நடுவே ஊர்வலம் இறங்கியது. பின்தட்டில் ஆத்தா. எனக்கோ கண்ணாடி முழுக்க மாலைதான் தெரிந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வாசலாக நின்று நின்று எங்கள் வாசலுக்கு வந்தேன்.

அம்மா பச்சைப் பட்டுப் புடவையில், மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். பின்தட்டு அவருக்கு நேராக வருமாறு அங்குலம் அங்குலமாக நகர்த்தி நிறுத்தினேன். மணி அடித்தது. பூசாரி குனிந்து தட்டை வாங்கிக்கொண்டார். இதற்குத்தானே இவ்வளவும் என்று நெஞ்சு நிறைந்துபோய், ஜன்னல் வழியே தலையை நீட்டி அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா ஆத்தாளைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா! சாமி அங்க லா!"

"தெரியும்டி. அவள வருஷா வருஷம் பாக்குறேன்," என்றார் அம்மா. "உன்னை இப்படி இன்னைக்குத்தான் பாக்குறேன்."

பின்னாலிருந்து யாரோ போலாம் போலாம் என்று பின்தட்டைத் தட்டினார்கள். நான் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்படியே நின்றேன்.