வெள்ளிக்கிழமை மதியம் ஓட்டிய சோதனை

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் எந்தப் பராமரிப்பு வேலையானாலும் வெள்ளிக்கிழமை மதியம்தான். தொழுகைக்காகத் தையல் லைன் ஓடாமல் நிற்கும். தையல் மெஷின் பார்ப்பவர், வயரிங்காரர், சர்வரும் டேட்டாபேஸும் பார்க்கும் நான், எல்லோரும் அப்போதுதான் கை வைப்போம்.

அதனால் சென்னை சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, "உங்க டேட்டாபேஸுக்கும் எங்களோடதுக்கும் ஒரே வேலையைக் குடுத்துப் பார்க்கலாம் மேடம், எது வேகமோ அதை வெச்சுக்கோங்க" என்றபோது, யோசிக்காமல் வெள்ளிக்கிழமை மதியம் வரச் சொன்னேன். அவருடையது ஜெயித்தால் எல்லாவற்றையும் சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் சர்வர் அறை காலி, நானும் காலி. முதலாளி இதை என்னிடம் மறைக்கவில்லை.

ஏற்பாடெல்லாம் நான்தான். எங்கள் தகவல்களை இரண்டிலும் நகலெடுத்துப் போட்டேன். ஒரே கேள்விகள், ஒரே வரிசை. முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, வண்டி சூடாகாமல் வேகம் பார்க்கக் கூடாது. என் பழைய சர்வர் நூலிழையில் முந்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் டீகூட வேண்டாம் என்று லேப்டாப்பை மூடினார்.

அதற்குள் ஆட்கள் திரும்பி வந்து லைன் ஓடத் தொடங்கியது. தைத்து முடித்த தோல் கட்டு ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, அது என் டேட்டாபேஸில் பதிந்தால்தான் அடுத்த மேசைக்குப் போகும். எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்தார்கள். வழக்கம்போல லைன் சூப்பர்வைசர் போன் செய்தார். "இன்னா மேடம், ஸ்கிரீன் மறுபடியும் சுத்திக்கினே இருக்குது!"

போனை வைத்ததும் எனக்கு உறைத்தது. கூட்டமே இல்லாத நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஜெயித்தேன் என்கிறேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் கோணல் கணக்கைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அது எனக்குச் சாதகமாகவே இருந்தாலும். படியிறங்கிக்கொண்டிருந்த சென்னைக்காரரைக் கூப்பிட்டேன்.

"சார், நில்லுங்க. நாம ஓட்டுனது செல்லாது."

லைன் முழுவதும் சேர்ந்து ஸ்கேன் செய்யும் சுமையை அப்படியே பதிவு செய்து, அடுத்த வாரம் இரண்டின் மீதும் ஏற்றினோம். அவருடையது முடித்துவிட்டது. என்னுடையது பாதியில் திணறியது. "நீ சும்மா இருந்திருக்கலாமேம்மா" என்றார் முதலாளி. அன்று வீட்டுக்குப் போய் நன்றாக அழுதேன்.

போன வாரம் சத்துவாச்சாரியில் ஒரு நேர்காணல். பழைய வேலை ஏன் போனது என்று கேட்டார்கள்.

"ஒரு சோதனையில தோத்துட்டேன் சார்."

"யார் வெச்ச சோதனை?"

"நான்தான்" என்றேன்.